வேலைக்கு ஒரே வாட்ச்: சிமெண்ட் தூசியையும் தாங்க வேண்டும், கூட்டத்திலும் கண்ணியமாக இருக்க வேண்டும்

#1 தூக்குக்குண்டு

கட்டட வேலையில் மேற்பார்வைப் பொறியாளராக இருக்கிறேன். காலை முழுக்கத் தளத்தில்தான். கம்பி கட்டியதைச் சரிபார்ப்பது, கான்கிரீட் போடும்போது பக்கத்தில் நிற்பது. மாலையில் கை கால் கழுவி, முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு உரிமையாளரோடும் ஆர்க்கிடெக்டோடும் மேசையில் உட்கார வேண்டும். இரண்டு இடத்துக்கும் ஒரே வாட்ச் வேண்டும். நடுவில் கழற்றி மாற்றுவது எனக்குச் சரிப்படவில்லை.

6 வருடத்தில் 3 வாட்ச் பார்த்துவிட்டேன். முதலாவது தோல் ஸ்ட்ராப். வியர்வையில் நைந்து போனது, அப்புறம் கண்ணாடிக்கு உள்ளே ஆவி படிந்து முள் துருப்பிடித்து நின்றது. இரண்டாவதில் தங்க நிற முலாம். ஓரங்களில் வெளுத்துப் போய்ப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. மூன்றாவது முரட்டு பிளாஸ்டிக் வாட்ச், இன்றும் ஓடுகிறது, அதன் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் சட்டைக் கைக்குள் போக மறுக்கிறது.

கையில் ஃபோன் இருக்கும்போது வாட்ச் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: கலவை லாரி கிளம்பியதிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் கொட்டி முடிக்க வேண்டும் என்பது எங்கள் வேலையில் வழக்கமான கணக்கு. ஒவ்வொரு லாரிக்கும் நேரம் குறிக்க வேண்டும். சிமெண்ட் ஒட்டிய கையை ஒவ்வொரு தடவையும் பாக்கெட்டுக்குள் விட முடியாது.

ஸ்மார்ட்வாட்ச் வேண்டாம். இரண்டு நாளைக்கு ஒருமுறை சார்ஜ் போடும் பொருள் இன்னொன்று எனக்கு வேண்டியதில்லை. முள் உள்ள சாதாரண வாட்ச், தேதி, கீழ்த்தளத்து இருட்டில் தெரிய வேண்டும். பத்து வருடமாவது உழைக்க வேண்டும். எதைப் பார்த்து வாங்குவது?

#2 நூலகமேசை

ஆட்டோமேட்டிக் வாங்குங்கள். செல்லே கிடையாது, கையின் அசைவிலேயே சாவி ஏறிக்கொள்ளும். சீகோ 5 வரிசை 1963-லேயே வந்தது. நாளும் தேதியும் காட்டி, தண்ணீரையும் அதிர்ச்சியையும் தாங்கும் அன்றாட வாட்ச் என்பதுதான் அதன் நோக்கமே. நான் 11 வருடமாக ஒரே ஆட்டோமேட்டிக் கட்டுகிறேன். நொடி முள் தாவித் தாவிப் போகாமல் வழுக்கிக்கொண்டு ஓடுவதைப் பார்ப்பதில் ஒரு நிம்மதி இருக்கிறது. இது ஒரு சின்ன இயந்திரம், மூச்சு விடுகிறது என்று தோன்றும். நாள் முழுக்கக் கூடவே இருக்கும் பொருளுக்கு அப்படி ஓர் உயிர் இருந்தால் நல்லதுதானே.

#3 மின்கம்பி

நூலகமேசை நண்பரே, நீங்கள் சொல்வது உண்மை, ஆனால் உங்கள் வேலை மேசையில். கேட்டவர் நிற்பது கான்கிரீட் வைப்ரேட்டருக்குப் பக்கத்தில்.

நான் பராமரிப்புப் பிரிவில் மின்வேலை பார்க்கிறேன். துளைக் கருவி பிடிக்கிற கையில் ஆட்டோமேட்டிக் கட்டியிருந்தேன். ஒரு நாளைக்கு நாலைந்து நிமிடம் முன்னால் ஓட ஆரம்பித்தது. காரணம் அதிர்வு அல்ல, காந்தம். உள்ளே முடிபோல ஒரு சுருள்வில் இருக்கிறது. அதில் காந்தம் ஏறினால் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், வில் குறுகியது போலாகி வேகமாக அடிக்கும். காந்த நீக்கியில் வைத்து எடுத்ததும் சரியாகிவிட்டது. ஆனால் அடுத்த மாதம் மறுபடியும். மோட்டாரும் ஸ்பீக்கரும் ஃபோன் உறையின் காந்தமும் இருக்கிற இடத்தில் அது தீராது.

இப்போது குவார்ட்ஸ்தான். உள்ளே குவார்ட்ஸ் என்ற கனிமத்தின் படிகம் மின்சாரத்தால் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. சாதாரண குவார்ட்ஸே பெரும்பாலும் மாதத்துக்கு 15, 20 நொடிக்கு மேல் பிசகாது. சான்றிதழ் வாங்கிய சுவிஸ் ஆட்டோமேட்டிக்குக்கே ஒரு நாளைக்கு 4 நொடி பின்னாலும் 6 நொடி முன்னாலும் போகலாம் என்று அனுமதி உண்டு. லாரி நேரம் குறிப்பவருக்கு எது தேவை என்று நீங்களே சொல்லுங்கள்.

இன்னொன்று, இது எல்லோருக்கும். மின்பெட்டியைத் திறக்கும்போதும் வண்டி பேட்டரியில் கை வைக்கும்போதும் ஸ்டீல் செயினைக் கழற்றி வையுங்கள். அந்த உலோகம் இரண்டு முனைகளுக்கு நடுவில் பட்டால் ஒரு நொடியில் பழுக்கக் காய்ந்து மணிக்கட்டைச் சுற்றித் தீய்த்துவிடும். கூட வேலை செய்த ஒருவரின் கையில் அந்த வளையத் தழும்பு இன்னும் இருக்கிறது. லேத் போல சுற்றும் இயந்திரம் இருக்கும் இடத்தில் எந்த வாட்சுமே வேண்டாம்.

#4 பல்சக்கரம்

22 வருடமாக வாட்ச் பழுது பார்க்கிறேன். ஆட்டோமேட்டிக்கா குவார்ட்ஸா என்பது இரண்டாவது கேள்வி. வேலைக்குப் போகிறவர்களின் வாட்சுகள் என் மேசைக்கு எப்படி வருகின்றன என்பதைச் சொல்கிறேன், அதிலிருந்து நீங்கள் முடிவு செய்யலாம்.

கீழே விழுந்து உடைந்து வருவது குறைவு. தண்ணீர் போய் வருவதுதான் அதிகம். அந்தத் தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் பக்கவாட்டில் இருக்கும் சாவிக் குமிழ் வழியாகத்தான். தேதி மாற்ற இழுத்துவிட்டுச் சரியாக அழுத்தாமல் கை கழுவியிருப்பார்கள். அல்லது அதற்குள் இருக்கும் ரப்பர் வளையம், நாங்கள் வாஷர் என்போம், காய்ந்து இறுகிப் போயிருக்கும். தம்பி தூக்குக்குண்டு, உங்கள் முதல் வாட்சின் கதையைப் படித்ததும் எனக்கு இதுதான் தோன்றியது. ஸ்ட்ராப் நைந்தது வேறு, முள் துருப்பிடித்தது வேறு. வாஷரை யாரும் ஒருமுறைகூட மாற்றியிருக்க மாட்டார்கள்.

பின்மூடியில் 30 மீட்டர் என்று எழுதியிருப்பதை நம்பி நீந்தப் போகாதீர்கள். அது ஆழமே இல்லை. புது வாட்சைச் சோதனைக் கூடத்தில் அசையாமல் வைத்து 3 வளிமண்டல அழுத்தம் கொடுத்தால் தாங்கும் என்பது மட்டும்தான் அதன் பொருள். மழைத்துளி, கை கழுவும்போது தெறிக்கும் தண்ணீர், அவ்வளவே. 50 என்றால் கொஞ்சம் நம்பலாம். அன்றாடம் தூசியும் தண்ணீரும் படும் வேலைக்கு 100-க்குக் கீழே வாங்காதீர்கள் என்பேன். திருகி மூடும் குமிழ் இருந்தால் இன்னும் நல்லது, திருக மறக்காத வரை. வெந்நீரும் நீராவியும் தனிக்கதை: சூட்டில் உலோகமும் ரப்பரும் ஒரே அளவில் விரிவதில்லை, நடுவில் ஆவி நுழைந்துவிடும். 200 மீட்டர் வாட்ச் என்றாலும் அதோடு வெந்நீரில் குளிக்காதீர்கள்.

அடுத்து ஸ்பிரிங் பின். ஸ்ட்ராப்பை உடலோடு பிடித்து வைத்திருக்கும் அந்தச் சின்னக் கம்பியைப் பற்றி எந்த விளம்பரமும் பேசாது. வியர்வையும் தூசியும் சேர்ந்து அதை உள்ளே அரிக்கும், ஒரு நாள் சட்டென்று வாட்ச் கையை விட்டுப் போகும். தொலைந்து போன வாட்சுகளை நான் பார்ப்பதில்லை, அவை என்னிடம் வருவதே இல்லை. தொலைத்தவர்கள் வந்து சொல்லும் கதை மட்டும்தான் வரும். செல் மாற்றும்போதெல்லாம் பின்னையும் மாற்றச் சொல்லுங்கள். மிகச் சின்னச் செலவு.

மூன்றாவது, தீர்ந்து போன செல்லை உள்ளேயே விட்டு வைப்பது. நொடி முள் இரண்டிரண்டு நொடியாகவோ நாலைந்து நொடியாகவோ தாவ ஆரம்பித்தால் அது கெட்டுப்போனதல்ல. செல் தீரப் போகிறது என்று பல குவார்ட்ஸ் வாட்சுகள் சொல்லும் விதம் அது. நின்றபின் மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்தால் செல் கசிந்து உள்ளே எல்லாவற்றையும் தின்றுவிடும்.

ஆட்டோமேட்டிக் பற்றி நூலகமேசை சொன்னதை மதிக்கிறேன், வீட்டில் நான் கட்டுவதும் அதுதான். ஆனால் ஐந்தாறு வருடத்துக்கு ஒருமுறை பிரித்துக் கழுவி எண்ணெய் போட வேண்டும். இரண்டு நாள் கழற்றி வைத்தால் நின்றுவிடும். இரவு 9 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையில் தேதியைத் திருகக் கூடாது, அப்போது தேதிச் சக்கரத்தின் பல் கடித்துக்கொண்டிருக்கும். அந்தப் பல் உடைந்து வந்த வாட்சுகள் எத்தனையோ. இதையெல்லாம் ஆசையோடு செய்பவருக்கு அது நல்ல துணை. உங்கள் வேலைக்கு ஒளியில் சார்ஜ் ஆகும் குவார்ட்ஸ்.

#5 தூக்குக்குண்டு

> வாஷரை யாரும் ஒருமுறைகூட மாற்றியிருக்க மாட்டார்கள்.

உண்மைதான் அண்ணா. இரண்டு முறை செல் மாற்றினேன். இரண்டு முறையும் பின்மூடியைத் திறந்து, செல்லைப் போட்டு, அழுத்தி மூடிக் கொடுத்துவிட்டார்கள். வாஷர் என்ற ஒன்று இருப்பதே எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

ஒளியில் சார்ஜ் ஆவது என்றால் டயலில் கறுப்புப் பட்டை தெரியுமா? பழைய கால்குலேட்டர் போல இருந்தால் கூட்டத்துக்குப் பொருந்தாது. அப்புறம் கண்ணாடி பற்றியும் சொல்லுங்கள்.

#6 மின்கம்பி

அந்தப் பட்டை இப்போது தெரியாது. டயலே ஒளியை உள்ளே விடும் பொருளில் இருக்கும், ஒளியை மின்சாரமாக்கும் தகடு அதற்கு அடியில். என்னுடையது சிட்டிசன் ஈகோ-டிரைவ், சாதாரண வெள்ளை டயல். பார்த்தவர் யாரும் கண்டுபிடித்ததில்லை. ஒருமுறை முழுதாக ஏறினால் இருட்டிலேயே மாதக்கணக்கில் ஓடும். வெயிலில் வேலை செய்கிறவருக்கு அந்தக் கவலையே இல்லை. ஒன்று மட்டும், எப்போதும் முழுக்கைச் சட்டைக்குள் ஒளித்து வைத்திருந்தால் பசியில் வாடும். வாரத்துக்கு ஒரு நாள் ஜன்னலோரம் வையுங்கள்.

#7 அளவுகோல்

கண்ணாடி பற்றி நான் சொல்கிறேன், பொருள் அறிவியல் படித்தவள்.

கீறல் என்பது எது எதைவிடக் கடினம் என்கிற கணக்கு. கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் மணலில் இருக்கும் குவார்ட்ஸ் துகள் 7. சாதாரணக் கனிமக் கண்ணாடி அதற்குக் கீழே, ஐந்தரையை ஒட்டி. அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக் கண்ணாடி இன்னும் கீழே, 3 அளவில். சஃபயர், அதாவது செயற்கை நீலக்கல்லில் செய்த கண்ணாடி, 9. தளத்தில் பறக்கும் தூசியில் மணல் இருக்கிறது. கண்ணாடி மேல் படிந்த அந்தத் தூசியைச் சட்டையில் துடைக்கிற ஒவ்வொரு முறையும் கனிமக் கண்ணாடியில் மெல்லிய கோடுகள் விழும். சஃபயரில் விழாது. ஆகவே இவருக்கு சஃபயர் வீண் ஆடம்பரமல்ல, அவசியம்.

ஆனால் கடினம் வேறு, உறுதி வேறு. சஃபயர் கீறாது, ஓரத்தில் பலமாக அடி பட்டால் சில்லு தெறிக்கும். அதனால் கண்ணாடி, தன்னைச் சுற்றியுள்ள உலோக வளையத்துக்கு மேலே துருத்திக்கொண்டிருக்கக் கூடாது. விளிம்பு கண்ணாடியைவிட ஒரு மயிரிழை உயரமாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். கண்கூசாமல் இருக்கப் பூசும் பூச்சு வெளிப்பக்கம் இருந்தால் அந்தப் பூச்சு கீறும். உள்பக்கம் மட்டும் பூசியதாக எடுங்கள்.

டைட்டானியம் என்று யாராவது சொல்லப் போகிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டீலின் எடையில் பாதிக்குச் சற்று மேல்தான், தோலுக்கு மிக இதம், துருவே பிடிக்காது. ஆனால் மேலே கடினப் பூச்சு இல்லாத டைட்டானியம் ஸ்டீலைவிடச் சீக்கிரம் கோடு வாங்கும். எதுவாக இருந்தாலும் பளபளப்பாக மெருகேற்றியதை விட்டுவிட்டு, மெல்லிய கோடுகளாகத் தேய்த்து விட்ட மேற்பரப்பைத் தேர்ந்தெடுங்கள். அதில் விழும் புதுக் கோடு பழைய கோடுகளோடு சேர்ந்துவிடும். மூன்று வருடம் கழித்தும் கூட்டத்தில் கையை மேசைமேல் வைக்கலாம். முலாம் பூசியது வேண்டவே வேண்டாம், அது உங்களுக்கே தெரியும்.

#8 நூலகமேசை

அக்ரிலிக்கை இவ்வளவு சீக்கிரம் ஒதுக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கீறும், ஆனால் மெருகுப் பசை போட்டுப் பத்து நிமிடம் துணியில் தேய்த்தால் கீறல் மறையும். சஃபயர் உடைந்தால் மாற்றத்தான் வேண்டும். என் தாத்தாவின் வாட்சில் அக்ரிலிக்தான், இன்றும் தெளிவாக இருக்கிறது, நானே தேய்த்துக் கொடுத்தேன். பல்சக்கரம் ஐயா சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். இவருக்கு ஆட்டோமேட்டிக் பொருந்தாது. ஆனால் என் கையிலிருந்து அது இறங்காது.

#9 இரவுப்பணி

நான் செவிலியர். வேலை நேரத்தில் எங்களுக்கு மணிக்கட்டில் எதுவும் கூடாது, கையை முழங்கை வரை கழுவ வேண்டும். சட்டையில் தலைகீழாகத் தொங்கும் வாட்ச்தான். அதனால் எல்லா வேலைக்கும் கைக்கடிகாரம் சரி என்று நினைத்துவிட வேண்டாம்.

நான் எழுத வந்தது ஸ்ட்ராப் பற்றி. வாட்சுக்கு அடியில் சிவந்து, தடித்து, அரிக்கிறது என்று வருபவர்களைப் பார்க்கிறேன். சிலருக்கு அது நிக்கல் ஒவ்வாமை. மலிவான உலோகத்தின் மேல் போட்ட முலாம் தேய்ந்ததும் தொடங்கும். வாட்சுக்குப் பயன்படும் 316எல் என்ற நல்ல ரக ஸ்டீலிலும் நிக்கல் உண்டு, ஆனால் அது வெளியே கசிவது மிகக் குறைவு. அதுவும் ஒத்துக்கொள்ளாதவருக்கு டைட்டானியம். பலருக்கு ஒவ்வாமையே இல்லை. ஸ்ட்ராப்புக்கு அடியில் வியர்வையும் சோப்பும் தேங்கி நிற்பதுதான் காரணம். சிமெண்ட் தண்ணீர் காரத்தன்மை உள்ளது. அது ஸ்ட்ராப்புக்கு அடியில் மாட்டிக்கொண்டால் தோல் புண்ணாகிவிடும். தூக்குக்குண்டு, இதை அலட்சியம் செய்யாதீர்கள். கலவை தெறித்தால் உடனே கழற்றி, கையையும் வாட்சையும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துவிட்டுக் கட்டுங்கள்.

தோல் ஸ்ட்ராப் உங்கள் காலை வேலைக்கு ஆகாது. வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும், நாறும்.

#10 அளவுகோல்

ஸ்ட்ராப் என்றதும் அளவு நினைவுக்கு வருகிறது. எல்லோரும் விட்டத்தையே பார்க்கிறார்கள். 40 மில்லிமீட்டர் என்று எழுதியிருந்தும் ஒன்று கையில் அழகாக உட்காரும், இன்னொன்று தட்டுப் போல நிற்கும். ஸ்ட்ராப்பை மாட்ட வாட்ச் உடலிலிருந்து மேலும் கீழும் நீண்டிருப்பவை கொம்புகள். மேல் கொம்பிலிருந்து கீழ்க் கொம்பு வரை எவ்வளவு நீளம் என்று பாருங்கள். அந்த நீளம் மணிக்கட்டின் தட்டைப் பகுதியைத் தாண்டக் கூடாது. அப்புறம் தடிமன். 12 மில்லிமீட்டருக்குள் இருந்தால் பெரும்பாலான சட்டைக் கைகளுக்குள் நுழையும். வாங்கும்போது முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போங்கள், பொத்தானைப் பூட்டிக்கொண்டு கையை நீட்டி மடக்கிப் பாருங்கள்.

கொம்புகளுக்கு நடுவில் 20 மில்லிமீட்டர் என்று முழு எண்ணாக இருப்பதை எடுத்தால் எந்த ஸ்ட்ராப்பும் கிடைக்கும். தனக்கென்றே வெட்டிய வடிவில் ஸ்ட்ராப் உள்ள வாட்ச் வேண்டாம். அந்த மாடலை நிறுத்திவிட்டால் நல்ல வாட்ச் ஸ்ட்ராப் இல்லாமல் கிடக்கும்.

#11 மின்கம்பி

எனக்கு ஒரு யோசனை. லாரி நேரம் குறிக்க வேண்டும் என்றாரே, கடலில் மூழ்குபவர்களுக்கான டைவர் வாட்ச் எடுத்தால் என்ன? வெளியே சுழலும் வளையம் இருக்கும். லாரி கிளம்பிய நேரத்துக்கு வளையத்தின் முக்கோணத்தைத் திருப்பி வைத்தால், எத்தனை நிமிடம் ஓடியது என்று பெரிய முள்ளே வளையத்தில் காட்டிவிடும். எழுதிப் பார்த்துக் கழிக்க வேண்டியதில்லை. ஒன்றரை மணி என்றால் ஒரு முழுச் சுற்றும் அரைச் சுற்றும்.

அந்த வளையம் ஒரே பக்கம்தான் சுழலும். தண்ணீருக்கு அடியில் காற்று எவ்வளவு நேரத்துக்கு வரும் என்று கணக்கிடுபவருக்காகச் செய்தது. தெரியாமல் இடித்துத் திரும்பிவிட்டாலும் ஓடிய நேரத்தை அதிகமாகத்தான் காட்டும், குறைவாகக் காட்டாது. கான்கிரீட்டுக்கும் அதே பாதுகாப்புதான் வேண்டும்.

#12 பல்சக்கரம்

மின்கம்பி சொன்னது அருமையான யோசனை. டைவர் என்று போட்டுக்கொள்ள ஐஎஸ்ஓ 6425 என்ற சர்வதேசத் தரம் உண்டு. இருட்டில் 25 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து நேரம் படிக்க முடிய வேண்டும் என்பதும் அதில் ஒரு விதி. கீழ்த்தளத்து இருட்டுக்கும் அது சரியாகிவிடும். ரேடியம் என்று பழக்கத்தில் சொல்கிறோம், உண்மையான ரேடியத்தை விட்டுப் பல காலம் ஆகிறது. இப்போது பூசுவது வெளிச்சத்தைக் குடித்து வைத்துக்கொண்டு இருட்டில் மெல்ல விடும் பொருள். கதிர்வீச்சு கிடையாது. வெயிலிலிருந்து நேராகக் கீழ்த்தளத்துக்கு இறங்கினால் பளிச்சென்று தெரியும்.

ஒரே எச்சரிக்கை. வளையத்துக்கு அடியில் மணல் மாட்டினால் கரகரவென்று இறுகிவிடும். எண்ணெய் விடாதீர்கள், எண்ணெய் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நல்ல தண்ணீரில் ஊறவைத்து, மென்மையான பல்துலக்கியால் தேய்த்து, வளையத்தைச் சுழற்றிவிட்டால் போதும். குமிழ் திருகியிருக்கிறதா என்று அதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

#13 தூக்குக்குண்டு

ஐந்து மாதம் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும்.

ஒளியில் ஓடும் குவார்ட்ஸ் டைவர் வாங்கினேன். 40 மில்லிமீட்டர், கோடு போட்ட ஸ்டீல், சஃபயர், 200 மீட்டர், திருகும் குமிழ், கறுப்பு டயல், கறுப்பு வளையம். முழுக்கைச் சட்டையோடு போய்த்தான் எடுத்தேன். அளவுகோல் சொன்னதுபோல் பார்த்தபோது எனக்கு முதலில் பிடித்த ஒன்று கொம்பு நீளத்திலேயே தோற்றுப்போனது.

காலையில் நைலான் ஸ்ட்ராப். ஒரே நீளத் துண்டாக இரண்டு பின்னுக்கும் அடியில் நுழைந்து போகிறது. ஒரு பின் விட்டுப்போனாலும் இன்னொன்றில் வாட்ச் தொங்கும் என்பதால் அதை எடுத்தேன். மாலையில் துவைத்துக் காயப்போடுகிறேன். கூட்டம் இருக்கும் நாளில் மட்டும் ஸ்டீல் செயினை மாட்டிக்கொள்கிறேன். பின்னைக் கழற்றும் கருவி பையில் இருக்கிறது, இரண்டு நிமிட வேலை. நடுவில் எதையும் மாற்றப் பிடிக்காது என்று எழுதியது நான்தான், ஆனால் வாட்ச் அதே வாட்ச்தான் என்பதால் இது உறுத்தவில்லை.

வளையத்தை இப்போது கை தானாகத் திருப்புகிறது. போன வாரம் ஒரு லாரி வழியில் மாட்டிக்கொண்டு வந்தது. பெரிய முள் இரண்டாவது சுற்றில் 35-ஐத் தாண்டியிருந்தது. கொட்ட வேண்டாம் என்று திருப்பி அனுப்பினேன். ஓட்டுநர் வாதாடினார். வாட்சையும், புறப்பட்ட நேரம் எழுதியிருந்த சீட்டையும் அவரிடமே காட்டினேன்.

கண்ணாடியில் ஒரு கோடு இல்லை. செயினின் கொக்கியில் மட்டும் மேசையில் உரசிய தடம்.

ஒரே சந்தேகம், பல்சக்கரம் அண்ணா. செல்லே மாற்ற வேண்டியதில்லை என்பதால் பின்மூடியை யாரும் திறக்கப் போவதில்லை. அப்படியானால் வாஷரை எப்போது பார்ப்பது?

#14 பல்சக்கரம்

சரியான கேள்வி தம்பி. ஒளியில் ஓடும் வாட்ச் வைத்திருப்பவர்கள் தவற விடுவது இதைத்தான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அழுத்தச் சோதனைக் கருவி இருக்கும் இடத்தில் கொடுத்துப் பாருங்கள். தேறாவிட்டால் பின்மூடி, குமிழ் இரண்டின் வாஷரையும் மாற்றி, சிலிக்கான் கிரீஸ் தடவி, மறுபடி சோதித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். தேறினாலும் நாலைந்து வருடத்தில் மாற்றிவிடுவது நல்லது.

இடையில் சந்தேகம் வந்தால், வாட்ச் கைச்சூட்டில் நன்றாகக் கதகதப்பாக இருக்கும்போது கண்ணாடி மேல் ஒரு சொட்டுக் குளிர்ந்த தண்ணீர் விட்டு ஒரு நிமிடம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். சொட்டு இருந்த இடத்துக்கு நேர் கீழே, கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படிந்திருந்தால் ஈரம் போய்விட்டது. அன்றைக்கே கொண்டு போங்கள், மறுநாள் வரை வைக்காதீர்கள்.